சோலார் வேலி மெஷின் வாங்கும் முன் சான்றிதழைக் கேளுங்கள்

ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். காய் பிடிக்கும் நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் வந்து வேர்க்கடலையைக் கிளறிப் போட்டுவிடும். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு ராத்திரி காவலுக்கு நான் போக முடியாது. ஊரில் ஆளுக்கொரு யோசனை: "சுருக்கு வை தம்பி", "அவுட்டுக்காய் போடு", "லைன்ல இருந்து நேரா கரண்ட் குடு". மூன்றுமே ஜெயிலுக்குப் போகிற வழி. அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி, மேய்ச்சல் மாடு அதைக் கடித்தால் தாடையே போய்விடும். நேரடி கரண்டில் தண்ணீர் பாய்ச்சப் போன ஆட்களே செத்திருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றியை நாமாக வேட்டையாடக் கூடாது. 2025 ஜனவரியில் வந்த அரசாணையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறைதான் சுடலாம். ஆகவே சோலார் வேலி என்று முடிவு செய்தேன்.

கம்பி, ஆங்கிள் எல்லாம் செம்புதாஸ் தெருவிலேயே முடிந்தது. வம்பு வந்தது வேலிக் கம்பிக்கு மின்சாரம் விடுகிற மெஷினில். பாரிமுனையில் அதை எனர்ஜைசர் என்றால் முழிப்பார்கள், ஜட்கா மெஷின் என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். வேலி மெஷினுக்கான இந்தியப் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ். 302-2-76 சான்றிதழ் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டேன். "எல்லாம் பாக்ஸுக்குள்ள இருக்கு சார்" என்றார். வீட்டில் பிரித்தால் உள்ளே ஒரு வாரண்டி அட்டையும் இந்தியில் ஒரு தாளும்தான். பில் என்று கொடுத்தது வெறும் துண்டுச்சீட்டு, ஜி.எஸ்.டி. எண்கூட இல்லை.

காப்புக்காடு பக்கத்தில் இருந்தால் தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிகளின்படி வேலிக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆபீஸில் சீட்டைப் பார்த்ததும் தள்ளிவிட்டார்கள். "சரியான பில்லும் மெஷினுக்குச் சான்றிதழும் கொண்டு வாங்க." சரி என்று திரும்பினேன். கடையிலோ பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம் என்று ஒரே பிடிவாதம். நான் சத்தம் போடவில்லை. "சான்றிதழ் உள்ளே இருக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க? இல்லைன்னு உங்க லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கண்ணே, அது போதும்" என்று கேட்டுவிட்டு நின்றேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். சான்றிதழ் உள்ள வேறு கம்பெனி மெஷினை எடுத்து வைத்தார், வித்தியாசத் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. புது பில்லைக் கொண்டுபோனால், "பட்டா உங்க அப்பா பேர்ல, பில் உங்க பேர்ல இருக்கே சார்" என்கிறார் அதே கிளார்க். முதல் தடவையே பட்டா அவர் கையில்தான் இருந்தது, அப்போதே சொல்லியிருக்கலாம். மறுபடி பாரிமுனை, மறுபடி பில். இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பில், விண்ணப்பம், சிட்டா எல்லாமே பட்டாதாரர் பேரில் இருக்கட்டும். அப்புறம் அனுமதி தொந்தரவில்லாமல் வந்தது.

வேலி கட்டுகிறவர்களுக்குச் சில விஷயம். பன்றி மூக்கால் முட்டித்தான் நுழையும். அதனால் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும். மேலே எத்தனை வரிசை இழுத்தாலும் அடியில் இடைவெளி விட்டால் குட்டிகள் நுழைந்துவிடும். மெஷின் ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பாகத்தான் மின்சாரம் விடுகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் என்றாலும் கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது. அதனால் உதறித் தள்ளும், கொல்லாது. நம்மையும் சேர்த்துத்தான், அதனால் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை கட்டாயம் மாட்டுங்கள்.

எர்த்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். மின்சாரம் கம்பியிலிருந்து மிருகத்தின் உடல் வழியாக மண்ணில் இறங்கி மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக். வேலி கட்டிய ஆள் ஒரே ராடு அடித்துவிட்டுப் போய்விட்டார். சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் டெஸ்டரில் 2,000 வோல்ட்தான் காட்டியது. இன்னும் இரண்டு ராடு தள்ளித் தள்ளி அடித்து, குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகு 6,000-ஐத் தாண்டியது. இந்த வருஷக் கடலை முழுசாகக் களத்துக்கு வந்து சேர்ந்தது.

மழைக்காலத்தில் அடிக்கம்பியைப் புல் தொட்டாலே வோல்ட் இறங்கிவிடும். செதுக்குவதற்கு இப்போதே ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். வேலியோடு டெஸ்டரும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பேட்டரி விலையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.