ராணியின் பக்கத்து வீட்டுக்காரி

பெர்லினுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குத் தெரிந்த இடங்கள் மூன்றுதான். வீடு, தெருமுனை சூப்பர் மார்க்கெட், அப்புறம் ஒரு பூங்கா. பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் திரைச்சீலையைப் பிடித்துத் தொங்குவான். அதனால் தினமும் பதினோரு மணி வாக்கில் அவனுக்கு மூன்று அடுக்குத் துணி மாட்டி (அதற்கே அரை மணி நேரம் ஆகும்), தள்ளுவண்டியில் உட்காரவைத்துப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவேன். அதன் வழியே பாங்கெ என்று ஓர் ஓடை ஓடுகிறது. எங்கள் பகுதிக்கு பாங்கோ என்று பெயர் வந்ததே அந்த ஓடையால்தான். மரங்களுக்கு நடுவே வெளிறிய நிறத்தில் ஒரு பெரிய கட்டடம், நான் போகும் நேரமெல்லாம் பூட்டியே கிடக்கும். ஏதோ அரசு அலுவலகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இந்த ஊரில் அலுவலகங்களுக்கா பஞ்சம்.

நான்கு மாதம் கழித்து ஜெர்மன் வகுப்பில் ஒரு பயிற்சி. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். நான் "ஒரு பெரிய அலுவலகம், பெரிய தோட்டத்தோடு" என்றேன். ஆசிரியை எங்கே என்று விசாரித்துவிட்டுச் சிரித்தார். "அது ஷோன்ஹவுசன் அரண்மனை. பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக்கின் மனைவி, ராணி எலிசபெத் கிறிஸ்டீன் வாழ்ந்த இடம்." அப்போ ராஜா? "ராஜா போட்ஸ்டாமில். சான்சூசியில்."

சான்சூசி பிரெஞ்சுச் சொல். கவலை இல்லாமல் என்று பொருள். கட்டின மனைவியை பாங்கோவில் விட்டுவிட்டு, தான் மட்டும் வேறு ஊரில் மலைமேல் வீடு கட்டி, அதற்குக் 'கவலையில்லை' என்று பெயரும் வைத்த மனுஷனின் இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடம்தான். கணவரின் வேலையைத் தொற்றிக்கொண்டு குடும்ப விசாவில் வந்தவள் நான். ராணி பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

போக நேரம் வாய்த்தது அக்டோபரில். முந்தின நாள் முருங்கைக்காய் வாங்க இலங்கைத் தமிழர் ஒருவரின் கடைக்குப் போனபோது சொன்னேன். "பொட்ஸ்டாமோ? நாங்கள் வந்த நேரம் அது அங்கால், கிழக்கு ஜெர்மனிப் பக்கம், தங்கச்சி" என்றார் அண்ணா. 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்தவர். அந்த வழியில் வந்த ஈழத்தமிழர்கள் ஏராளம். மறு வருஷமே, 1985-ல், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத தமிழர்களை அந்த வழியாக விடுவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்திவிட்டது. "இவ்வளவு காலம் இருக்கிறன், இன்னும் அந்த மாளிகையைப் பாக்கேல்ல" என்றபடி முருங்கைக்காயோடு ஒரு கொத்து கறிவேப்பிலையையும் பைக்குள் திணித்தார்.

போட்ஸ்டாம் போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். பெர்லினுக்குள் சுற்ற ஏ, பி மண்டலங்களுக்கான பயணச்சீட்டு போதும். போட்ஸ்டாம் சி மண்டலம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வான்சே ரயில் நிலையம் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். சாதாரண உடையில் இருந்ததால் யாரோ பயணி என்று நினைத்து நான் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். 60 யூரோ. தவறு எங்களுடையதுதான், படித்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தொகையை ரூபாயாக மாற்றிப் பார்த்ததில் பாதி வழிக்கு இவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மனசிருந்தால் ஏதாவது போட்டுவிட்டுப் போகலாம். ஏறத்தாழ 290 ஹெக்டேர், கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் நடைபாதை. நாங்கள் கீழ்ப்பக்கமாக நுழைந்தோம். அதுதான் நல்லது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஆறு அடுக்குப் படிக்கட்டு நிலம், அதன் உச்சியில் மஞ்சள் நிறத்தில் தரைத்தளம் மட்டுமே உள்ள வீடு. ஆமாம், மாடியே இல்லை. மதுரைக்காரியான எனக்கு அரண்மனை என்றால் நாயக்கர் மகால் தூண்கள்தான் கண்ணில் நிற்கும். நாலு பேர் கைகோர்த்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண் ஒன்றுகூட இல்லாத வீட்டை அரண்மனை என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1744-ல் முதலில் போட்டது வீடு இல்லை, திராட்சைத் தோட்டம். மலைச்சரிவை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கின் சுவரிலும் திராட்சைக் கொடி ஏற்றினார். சுவரில் மாடம் மாதிரி 168 குழிவுகள். அவற்றுக்குள் அத்திமரம், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவு. குளிர் வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் ஒரு கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். உள்ளங்கை அகல இலைகள், ஓரம் பழுக்கத் தொடங்கியிருந்தன. தெற்கே வெயிலில் வளர வேண்டிய மரம், கண்ணாடிக்குப் பின்னால் வடக்குக் குளிரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் பால்கனியில் கறிவேப்பிலைச் செடிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். 280 வருஷத்துக்கு முன்பே ஒருவர் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்.

பையனைத் தூக்கிக்கொண்டு நடுவில் உள்ள 132 படிகளையும் ஏறினோம். எண்ணியது நான் இல்லை, பலகையில் இருந்ததை இவர் படித்துச் சொன்னார். மூச்சு வாங்கியது மட்டும் என்னுடையது.

மேலே முகப்பில் வீட்டின் பெயர் எழுதியிருக்கிறது. 'சான்ஸ்' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கால்புள்ளி, 'சூசி'க்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி. இரண்டு சொல்லுக்கு நடுவே அந்தக் கால்புள்ளிக்கு எந்த வேலையும் இல்லை. அது ஏன் என்று இன்றுவரை அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். 'இல்லாமல்' என்று சொல்லி நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, 'கவலை' என்கிறார் ராஜா. எனக்கு அப்படித்தான் கேட்டது.

உள்ளே போக நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும். 1747-ல் கட்டி முடித்த வீடு. கிழக்குப் பக்கம் ராஜாவின் அறைகள். புல்லாங்குழல் வாசித்த இசை அறை, தேவதாரு மரப்பலகை அடித்த வட்டமான நூலகம். அதில் 2,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள், எல்லாம் பிரெஞ்சில். ஜெர்மானியரை ஆண்டவருக்கு ஜெர்மன் மொழி அவ்வளவாகப் பிடிக்காது என்று கேட்டதும் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம் வந்தது. நடுவில் பளிங்கு மண்டபம். மேற்கே விருந்தினருக்கு ஐந்து அறைகள். விருந்தாளிகளுக்கு ஐந்து. ராணிக்கு ஒன்றுகூட இல்லை. அவரை ராஜா இங்கே அழைக்கவே இல்லை.

1733-ல் அப்பாவின் கட்டாயத்தால் செய்துகொண்ட கல்யாணம் அது. பட்டத்துக்கு வந்த 1740-லேயே ஷோன்ஹவுசனை மனைவிக்குக் கொடுத்துவிட்டார். ஏழாண்டுப் போர் முடிந்து 1763-ல் திரும்பி வந்து, பல வருஷம் கழித்து மனைவியைப் பார்த்தபோது அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் சொல்கிறார்கள்: "மேடம் பருத்துவிட்டார்கள்." இதை வகுப்பில் கேட்டபோது மற்றவர்கள் அதிர்ச்சியானார்கள். எனக்கு ஆகவில்லை. ஊருக்குப் போனால் விமான நிலைய வாசலிலேயே சித்தி இதைத்தான் சொல்வாள். ஆனால் சித்தி அதோடு விடமாட்டாள், கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய் நாலு தோசை போடுவாள்.

கவலையில்லாத வீட்டில் ராஜாவை வாட்டிய கவலை ஒன்று உண்டு, நீரூற்று. தோட்டத்துக்கு நடுவே தண்ணீர் வானத்துக்குப் பாய வேண்டும் என்று ஆசை. பக்கத்துக் குன்றின்மேல் பெரிய தொட்டி கட்டினார்கள். ஆற்றிலிருந்து தண்ணீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வழி தெரியவில்லை. மரக்குழாய்கள் அழுத்தம் தாங்காமல் வெடித்தன. 1754-ல் மழையும் பனியும் தொட்டியை ஓரளவு நிரப்பியதால் ஒரே ஒரு முறை கொஞ்ச நேரம் தண்ணீர் எழும்பியதாம், அவ்வளவுதான். அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1842-ல், ஹாவெல் ஆற்றங்கரையில் நீராவி இயந்திரம் வைத்த பிறகே 38 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. அந்த இயந்திரக் கூடத்தை மசூதி வடிவில் கட்டியிருக்கிறார்கள். மினார் மாதிரி தெரிவதுதான் புகைபோக்கி. போட்ஸ்டாமில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான்.

மதியம் ஆகிவிட்டது. புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். புல்தரையைப் பார்த்ததும் விரிப்பை எடுத்தேன். அதற்குள் பையன் நடுப்புல்லில் ஓடிவிட்டான். எங்கிருந்தோ ஒரு பாட்டி வந்து, நடைபாதையை விரலால் காட்டி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று விளக்கினார். முழு வாக்கியமும் எனக்குப் புரிந்தது. வினைச்சொல் கடைசியில் வந்தது முதற்கொண்டு. திட்டு வாங்கிய வருத்தத்தைவிட அந்தச் சந்தோஷம் பெரிசாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கிளம்பும்முன் ராஜாவின் கல்லறை. மேல் அடுக்கின் ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு கல், பெயர் மட்டும். பக்கத்தில் அவர் வளர்த்த வேட்டைநாய்களின் கற்கள். நாய்களோடுதான் தன்னைப் புதைக்க வேண்டும் என்று சொல்லி, வீடு எழும்பும் முன்பே குழியைக் கட்டி வைத்தவர். 1786-ல் இறந்தபோது வாரிசு கேட்கவில்லை. தேவாலயத்தில், எந்த அப்பாவோடு வாழ்நாள் முழுக்க ஒத்துப்போகவில்லையோ அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் சவப்பெட்டி உப்புச் சுரங்கம் வரை போய், ஊர் ஊராக அலைந்து, 1991 ஆகஸ்ட் 17 நள்ளிரவில்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

கல்லின்மேல் பூ இல்லை. உருளைக்கிழங்கு. ஏழெட்டு, மண் ஒட்டியபடி. 1756-ல் தன் ஆட்சியில் இருந்த சிலேசியா பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி ஆணை போட்டவர் என்பதற்காக வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். வயலுக்குக் காவல் போட்டு, விலை உயர்ந்த பொருள் என்று மக்களை நம்பவைத்துத் திருடவைத்தார் என்பது கதைதான், ஆதாரம் கிடையாது. என் டப்பாவில் வறுவல் மிச்சம் இருந்தது. வைக்க மனம் வரவில்லை.

போட்டோக்களை அன்றிரவே அம்மாவுக்கு அனுப்பினேன். "இதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? நம்ம மகால்ல பாதி கூட இல்லையேடி" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வார இறுதியில் ஷோன்ஹவுசன் திறந்திருந்தது. உள்ளே போனோம். ஏழாண்டுப் போரில் ரஷ்யப் படை சூறையாடியதை ராணி 1764-ல் திரும்பக் கட்டியிருக்கிறார். மாடியில் அவர் காலத்துச் சுதைவேலை கெடாமல் இருக்கிறது. கணவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல், 1797 வரை, வாழ்ந்திருக்கிறார். அப்புறம் கிழக்கு ஜெர்மனி காலத்தில் முதலில் அதிபரின் அலுவலகம், பிறகு அரசு விருந்தினர் மாளிகை. ஆக, நான் அலுவலகம் என்று நினைத்தது முழுத் தப்பும் இல்லை. ஃபிடல் காஸ்ட்ரோ தங்கியிருக்கிறார், இந்திரா காந்தி தங்கியிருக்கிறார். அந்தப் படுக்கையறையையும் குளியலறையையும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்தே அம்மாவை வீடியோவில் அழைத்தேன். இந்திரா காந்தி என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "உன் வீட்டுக்குப் பக்கத்துலயா? நடந்தே போகலாமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். ராணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"அது இருக்கட்டும்டி. போனை அந்தப் பக்கம் திருப்பு. அந்தம்மா குளிச்ச பாத்ரூமை முதல்ல காட்டு."