பத்து கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வாரம்

2023 ஜூன் தொடக்கத்தில் உக்ரைன் படை சபோரிஷியா மாகாணத்தின் ஒரிஹிவ் பக்கமிருந்து தெற்கே கிளம்பியது. தொக்மாக், மெலிட்டோபோல் வழியாக அசோவ் கடலைத் தொட்டுவிட்டால் கிரைமியாவுக்குப் போகும் ரஷ்யாவின் தரைவழி அறுந்துபோகும் என்பது கணக்கு. ரொபோட்டினே கிராமத்தை மீட்டதாக அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் 28இல். அதுவரை கடந்த தூரம் சுமார் பத்து கிலோமீட்டர். தொக்மாக்குக்கே இன்னும் இருபதுக்கு மேல் பாக்கி.

முந்தின செப்டம்பரில் கார்கிவ் பக்கம் இசியமும் குப்பியான்ஸ்க்கும் சில நாளில் கைக்கு வந்ததைப் பார்த்தவர்கள், இங்கே மட்டும் ஏன் இழுக்கிறது என்று கேட்டார்கள். கார்கிவில் ரஷ்யா போதிய ஆள் நிறுத்தவில்லை. தெற்கிலோ அதற்குத் தோண்டவும் புதைக்கவும் மாதக்கணக்கில் அவகாசம் கிடைத்தது. வரைபடத்தை மூடிவிட்டு ஒரு வயலைப் பார்த்தால் மீதி விளங்கும்.

அந்த வயலில் அதிகம் கிடப்பது டிஎம்-62, டாங்கியை நிறுத்தும் கண்ணிவெடி. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். குறுக்களவு 32 செ.மீ., உள்ளே ஏழு கிலோவுக்கு மேல் வெடிமருந்து. ஆள் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது, குறைந்தது 150 கிலோ அழுத்தம் வேண்டும். டாங்கி ஏறினால் சங்கிலி அறுந்து அங்கேயே நிற்கும். நின்ற டாங்கியின் கதி என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். ரஷ்யப் போர்விதிப்படி கண்ணிவெடிப் பட்டையின் ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 120 மீட்டர். சபோரிஷியாவில் சில இடங்களில் அதை 500 மீட்டர் வரை நீட்டினார்கள். சில குழிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று. டாங்கியின் முன்னால் பூட்டி மண்ணைக் கிளறி வெடியை ஒதுக்குவது கண்ணிவெடிக் கலப்பை; தனி வெடியைத் தாங்கும் அது அந்த அடுக்குக்குத் தாங்காது.

வழி திறக்கும் வண்டிகள் இருந்தன. சோவியத் காலத்து யூஆர்-77, வெடிமருந்து அடைத்த நீளக் குழாயை ராக்கெட்டால் இழுத்து வயலின்மேல் எறிந்து வெடிக்க வைக்கும். ஒரு வீச்சுக்கு ஏறக்குறைய 90 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வண்டியில் இருப்பது இரண்டு வீச்சு. 500 மீட்டருக்கு ஆறு வீச்சு, அதாவது மூன்று வண்டி, அதுவும் ஒன்றுகூட அடிபடாவிட்டால். அந்த அதிர்ச்சிக்கு எல்லா வெடியும் வெடிப்பதில்லை. காந்த உணரி வைத்தவை சும்மா கிடக்கும். ஆகவே பின்னாலேயே கலப்பை பூட்டிய டாங்கி நடக்கிற வேகத்தில் போக வேண்டும், அதன் தடத்திலேயே மற்ற வண்டிகள் வரிசையாக. ஜூன் 8 அன்று மாலா தொக்மாச்கா அருகே ஜெர்மன் லெப்பர்ட் டாங்கிகளும் அமெரிக்க பிராட்லி கவசவண்டிகளும் ஒன்றையொன்று ஒட்டி நின்றுபோன படங்களை எல்லாரும் பார்த்திருப்போம். முன்வண்டி நின்றால் பின்வண்டி விலகவேண்டும். விலகினால் திறக்காத நிலம்.

நின்ற டாங்கிக்கு வருவோம். சில நிமிடத்தில் மேலே ட்ரோன், பிறகு பீரங்கி அல்லது மோதி வெடிக்கும் லான்செட் ட்ரோன். சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் மிதந்தபடி ரஷ்யாவின் கேஏ-52 ஹெலிகாப்டர் விக்ர் ஏவுகணை விடும்; தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை அவ்வளவு தூரம் எட்டாது. அதை விரட்டும் அளவுக்கு விமானப்படை அப்போது உக்ரைனிடம் இருக்கவில்லை. மேற்கத்திய வண்டிகளில் பலவற்றில் குழுவினர் உயிரோடு இறங்கி வந்தார்கள் என்பது உண்மை, ஆனால் வழி அடைபட்டுப் போனது.

அதன்பின் வண்டிகளை முன்னால் விடுவது குறைந்து, சின்னக் குழுக்கள் காலால் நடந்தன. அந்தச் சமவெளியில் காற்றைத் தடுக்க வயலோரமாக நட்ட மரவரிசைகள் உண்டு. சிப்பாய்கள் வாயில் அது ‘பொசாட்கா’. வேறு மறைப்பே கிடையாது என்பதால் ரஷ்யப் பதுங்குகுழிகளும் அங்கேதான். ஒரு பொசாட்காவைப் பிடிப்பது ஒரு நாள் வேலை, பல சமயம் ஒரு வார வேலை.

அதற்கு முந்தின இரவு, வெடி அகற்றும் சிப்பாய்களான சாப்பர்களுடையது. வெயிலில் சுட்ட உலோகம் அந்திக்குப் பிறகு மண்ணைவிட மெதுவாகக் குளிரும். வெப்பக் கேமரா பூட்டிய ட்ரோனில் வெடிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். குறித்துக்கொண்டு ஊர்ந்து போகிறார்கள். கண்ட வெடியைக் கையால் தூக்கக் கூடாது, அடியில் இன்னொன்று வைத்திருக்கலாம். கயிற்றில் கட்டிய கொக்கியை மாட்டி, தள்ளிப் படுத்துக்கொண்டு இழுப்பது ஒரு முறை. 200 கிராம் டிஎன்டி கட்டியைப் பக்கத்தில் வைத்து அங்கேயே வெடிப்பது இன்னொன்று. சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பதால் பீரங்கி முழங்கும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். வன்னியில் போர் ஓய்ந்தபிறகு மிதிவெடி அகற்றியவர்கள் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நிதானமாகத் துழாவினார்கள். இங்கே தலைக்குமேல் ட்ரோன் நிற்கும்போது நிதானம் ஏது? புல்லுக்குள் கிடக்கும் பிஓஎம்-3 என்ற ஆள்கொல்லி வெடிக்கு மிதிக்கவே வேண்டாம், காலடி அதிர்வே போதும்.

பிடித்த பதுங்குகுழியில் உடனே குதிக்கவும் முடியாது. சிலவற்றைக் காலி செய்யும் முன்பே வெடி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தவிர, ரஷ்யா தன் முதன்மை அரணுக்குப் பின்வாங்கிக் காத்திருக்காமல், இழந்த ஒவ்வொரு வரிசைக்கும் எதிர்த்தாக்குதல் நடத்தியது. அதில் அதற்கும் ஆள் கரைந்தது.

இவ்வளவுக்கும் பிறகு திறந்த வழி திறந்தே இருக்காது. செம்லிடேலியே என்று ஒரு ரஷ்யச் சாதனம். பெயருக்குப் பொருள் உழவு. லாரியிலிருந்து ராக்கெட்டில் வெடிகளை அனுப்பிப் பல கிலோமீட்டர் தொலைவில் தூவும். இரவெல்லாம் ஊர்ந்து திறந்த தடத்தில் காலையில் மறுபடி வெடி கிடக்கும். காயம்பட்டவர்களை ஏற்றி வரும் வண்டி அந்தத் தடத்தில்தான் திரும்ப வேண்டும்.