அறிவொளிக் கால கலைப் பாடம்: நான் சொதப்பினதும் அப்புறம் படிச்ச விதமும்

எம்ஏ ஹிஸ்டரி கரஸ்ல பண்ணேன். ஐரோப்பிய வரலாறு பேப்பர்ல அறிவொளிக் கால (பகுத்தறிவ முன்னால வெச்ச 18-ஆம் நூற்றாண்டு) கலை, பண்பாடு பத்தி ஒரு பெரிய கேள்வி வந்துச்சு, நான் பாட்டுக்கு வால்டேர், ரூசோ, காண்ட்னு தத்துவ அறிஞருங்க பேரா அடுக்கிட்டு வந்துட்டேன், ஒரு ஓவியம் பேர் கூட எழுதல, அரியர்.

அதுலயும் சலோன்னா என்னன்னே குழப்பம். (நம்ம ஊர் முடிவெட்டுற சலூனும் அந்த வார்த்தைலேர்ந்து வந்ததுதான், நல்லவேள அத எழுதல.) சலோன் ரெண்டு வகை. ஒண்ணு வீட்டுல நடக்குறது, பாரிஸ்ல மேடம் ஜோஃப்ரன் வீட்டுல திங்கக்கிழமை ஓவியர்களுக்கு விருந்து, புதன்கிழமை எழுத்தாளர்களுக்கு. இன்னொண்ணு லூவர் அரண்மனைல நடந்த ஓவியக் கண்காட்சி, 1737-லேர்ந்து ஒழுங்கா நடந்துச்சு, சாதாரண ஜனங்களும் போய் பாக்கலாம். அதப் பத்தி திதெரோங்கிற பிரெஞ்சு எழுத்தாளர் 1759-லேர்ந்து விமர்சனம் எழுதினாரு, அது அச்சுல வராம கையால நகல் எடுத்து வெளிநாட்டு அரச குடும்பங்களுக்குப் போச்சு.

ரெண்டாவது தடவ நோட்ஸ மூடி வெச்சுட்டு போன்ல ரெண்டு படத்த பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒண்ணு ஃப்ராகொனாரோட ஊஞ்சல், 1767. ரோஸ் கவுன் போட்ட பொண்ணு ஆடுறா, செருப்பு ஒண்ணு பறக்குது, கீழ புதருக்குள்ள காதலன், பின்னால இருட்டுல ஒரு பெரியவர் கயிறு இழுக்குறாரு. இன்னொண்ணு டேவிட்டோட ஹொரேஷியர் சபதம். பழைய ரோமுக்காகச் சண்ட போடுறோம்னு மூணு அண்ணன் தம்பி கைய நீட்டி சத்தியம் பண்ணி நிக்கிறாங்க, அப்பா கைல மூணு வாள், ஓரத்துல பொண்ணுங்க அழுறாங்க. முதல் படம் ஒரு பணக்காரர் தனக்குன்னு வரையச் சொன்னது, ரெண்டாவது அரசாங்க ஆர்டர், ஊரே கூடிப் பாத்தது. யாரு காசு, யாரு பாத்தாங்கன்னு கேட்டா ரொகோகோவும் (ஊஞ்சல் மாதிரி ஜாலியான அலங்கார பாணி) நியோகிளாசிக்கும் (ஹொரேஷியர் மாதிரி பழைய ரோம், கிரேக்கத்தப் பாத்து வரைஞ்ச பாணி) தானா பிரிஞ்சிடும். நடுவுல 1748-ல, எரிமலைச் சாம்பல்ல புதைஞ்ச பழைய ரோமானிய ஊரான பொம்பேய்ல தோண்ட ஆரம்பிச்சதையும் ஒரு வரி சேத்துக்கோங்க, ரோம் மோகம் ஏறினதுக்கு அது ஒரு பெரிய காரணம்.

திதெரோவும் மத்தவங்களும் சேந்து தொகுத்த கலைக்களஞ்சியம் பத்தி எல்லாரும் 28 தொகுதின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. அதுல 11 தொகுதி வெறும் படத்தட்டு, அதாவது அச்சடிச்ச படப் பக்கங்கள்னு எழுதுங்க. குண்டூசி செய்யுற பட்டறையக் கூட வரைஞ்சு வெச்சிருக்காங்க, கட்டுரைல ஒரு ஊசிக்கு 18 வேலைன்னு கணக்கு வேற. கைத்தொழிலும் அறிவுதான்னு அவங்க நினைச்சதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

ஹொரேஷியர் படம் வரைஞ்சது 1784, லூவர்ல மாட்டினது 1785. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, இதுலயும் நான் ஒரு தடவ மாட்டியிருக்கேன்.