சாப்பாட்டுக் கணக்கு

ஜூன் 3, செவ்வாய்

ஆய்வு உதவித்தொகைக்கு 17 விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. எங்கள் அறக்கட்டளை சிறியது. 12 ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டிவருகிறோம். ஆய்வாளர் ஒருவருக்கு மாதந்தோறும் பணம் தருவது இதுவே முதல் முறை. நான் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.

இரவு ஒரு செலவுப் பட்டியலில் அப்படியே நின்றுவிட்டேன். கண்மாய் மடைகளில் உள்ள கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படிக்கும் ஆய்வு. பஸ் கட்டணம், தாள், மை, உதவியாள் கூலி என்று எல்லாக் கணக்கும் சரியாக இருக்கிறது. அந்தப் பெண் எதைச் சாப்பிடுவாள், எங்கே தங்குவாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஜூன் 5, வியாழன்

தொலைபேசியில் கேட்டேன். "அம்மா, அதையெல்லாம் கேட்கலாமா?" என்றாள்.

அப்பாவுக்குக் கொத்தனார் வேலை. இவள் திருமங்கலத்தில் ஒரு டுடோரியலில் தினமும் பாடம் எடுக்கிறாள். கண்மாய்களுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கிடைக்கிறது. இதற்கு முன் வேறோர் இடத்தில் உதவித்தொகை அறிவித்தார்களாம். 7 மாதம் கழித்து மொத்தமாக வந்து சேர்ந்ததாம். அதற்குள் விடுதியை காலி செய்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறாள். கேட்டபோது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. 7 மாதம் பசியைத் தள்ளிப்போட யாரால் முடியும்?

மத்திய அரசின் நெட் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர்களுக்கு எங்களைப் போன்றவர்கள்தான் கைகொடுக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ். அங்கிருந்து ஆட்டோவில் ஒரு கண்மாய்க்குப் போனோம். தண்ணீர் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரைக்குச் சற்றுத் தள்ளி உள்ளே இரண்டு கல்தூண்கள் நின்றன. அதுதான் குமிழி மடை. மேலே இருக்கும் நீரோடித் துளை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். கீழே இருக்கும் சேறோடித் துளை வண்டலை இழுத்துக்கொண்டு போகும். கண்மாயைத் தூர்வாரும் வேலையில் பாதியைத் தண்ணீரே செய்துவிடும்படி கட்டியிருக்கிறார்கள்!

அவள் கல்லைத் தேய்த்துக் கழுவினாள். ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிக்கொண்டே வந்தாள். எழுத்துப் பள்ளங்களுக்குள் தாள் மெல்ல இறங்கியது. காய்ந்து வரும் பதம் பார்த்து மைப்பொதியை ஒற்றினாள். கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழும்பின. 35 ஆண்டுகள் கல்வெட்டைப் பற்றி வகுப்பெடுத்தவள் நான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் மூச்சு நின்றுதான் போகிறது.

அடியில் மூன்று வரிகள் மண்ணுக்குள் புதைந்திருக்கின்றன. தோண்டி எடுக்க இரண்டு முழு நாட்கள் வேண்டும் என்றாள். "பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டால் கல் மூழ்கிவிடும் அம்மா. அப்புறம் அடுத்த கோடைதான்."

பணம் மாதாமாதம் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

ஜூன் 14, சனி

கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டது. எங்கள் தலைவர் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். "இந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டலாம் டீச்சர்!" என்றார். நியாயமான கேள்வி. கட்டண உதவியில் கை வைக்கக் கூடாது என்பதில் நானும் உறுதியாகவே இருந்தேன். வைப்புநிதி வட்டியிலிருந்து தனியாக எடுக்கலாம் என்றேன்.

ராமானுஜனைப் பற்றிச் சொன்னேன். வேலை தேடி அலைந்த நாளில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்த்து அவர் கேட்டது, கவலையில்லாமல் கணக்குப் போடச் சோறும் ஓய்வும் மட்டுமே. ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை, அவ்வளவுதான் நிபந்தனை. அதற்கு முன் சென்னைத் துறைமுகத்தில் ராமானுஜன் வாங்கிய எழுத்தர் சம்பளம் 30.

பிறகு அழகர்மலைக் குகையைப் பற்றிப் பேச்சு வந்தது. அங்குள்ள தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துகளில், துறவியர் தங்க இடம் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. உப்பு வணிகன், ஏர்க்கொழு விற்கும் கொழு வணிகன், வெல்லப்பாகு விற்கும் பணித வணிகன், அறுவை வணிகன். "அறுவை என்றால்?" என்றார் தலைவர். துணி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஊர்ப்பெயர் கேட்டார். வழி கேட்டார்.

மாதம் 18,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. களச்செலவு தனி. ஒன்றாம் தேதி தவறக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுத வைத்தேன். ரசீதுக் கட்டுகள் வேண்டாம், மூன்று மாதத்துக்கு இரண்டு பக்கம் போதும்.

மீதி 16 பேருக்கும் நானே கடிதம் எழுதப்போகிறேன். அதில் நான்கு பேர் தகுதியில் எவ்விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். அந்த நால்வரின் பெயரும் மனதை உறுத்துகின்றன.

ஜூலை 1, செவ்வாய்

காலை 10 மணிக்குப் பணம் போய்விட்டது. 11 மணிக்கு அவளே அழைத்தாள். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"எங்கே இருக்கிறாய்?"

"கண்மாயில்தான் அம்மா. டுடோரியலில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வரி தெரிகிறது."