உருவம் யாருக்குச் சொந்தம்?

விடியூபர் (முகத்தைக் காட்டாமல், தன் அசைவுக்கேற்ப அசையும் வரைகலை உருவத்தின் வழியே நேரலை செய்பவர்) ஆகும் எண்ணத்தில், அத்தகையோரை நிர்வகிக்கும் இரண்டு ஏஜென்சிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டும் ஒப்பந்த வரைவை அனுப்பியுள்ளன. ஒன்று பெரியது; அங்கே சேர்ந்தால் முதல் நேரலைக்கே கூட்டம் காத்திருக்கும். மற்றொன்று சிறியது; மாடலையும் (அந்த உருவத்தையும்) ரிக்கிங்கையும் (அதை அசையவைக்கும் அமைப்பையும்) நானே செய்துகொண்டு வர வேண்டும். நண்பர்கள் எல்லோரும் பெரியதையே சொல்கிறார்கள். நானோ இரண்டு வரைவுகளையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன், ஏனெனில் விலகும்போது என்ன ஆகும் என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

ஜப்பானிய விடியூபர் ஏஜென்சியான ஹோலோலைவின் ஆங்கிலப் பிரிவில் 2020 செப்டம்பரில் அறிமுகமான விடியூபர் காவ்ர் குரா, 2025 மே 1 அன்று விடைபெற்றபோது அந்தச் சேனலுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்தனர். பெயரும் உருவமும் நிறுவனத்துடையவை என்பதால், அவற்றுக்கு உயிர் கொடுத்தவர் அவற்றை உடன் எடுத்துச் செல்ல இயலாது. இதற்கு நேர்மாறாக, உருவம் அதற்கு உயிர் கொடுக்கும் கலைஞருக்கே சொந்தம் என்ற கொள்கையால் பெயர் பெற்றது வீஷோஜோ என்ற அமெரிக்க ஏஜென்சி. தமக்கு வர வேண்டிய பணமும், அறப்பணிக்காகத் திரட்டிய தொகையும் வந்து சேரவில்லை என்று 2025 ஜூலையில் அங்கிருந்த விடியூபர் அயர்ன்மவுஸ் வெளிப்படையாகக் கூறி விலகினார். சில நாட்களிலேயே அந்த நிறுவனம் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்தது. ஆயினும் அயர்ன்மவுஸால் அதே பெயரோடும் உருவத்தோடும் நேரலையைத் தொடர முடிந்தது. உரிமை கையில் இருந்தால் மட்டும் பணம் வந்துவிடாது. ஆனால் பணம் வராதபோது பிழைத்துக்கொள்ள அது உதவும்.

பணத்தைப் பற்றிய பிரிவில் கவனிக்க வேண்டிய சொல் ‘நிகர’ என்பது. ஒரு ரசிகர் நேரலையின்போது 100 ரூபாய் சூப்பர் சாட் (பணத்தோடு அனுப்பும் செய்தி) அனுப்பினால், யூடியூப் 30 ரூபாயை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 70 ரூபாயில் பாதி எனக்கு என்றால் 35 ரூபாய். பெரிய ஏஜென்சியின் வரைவோ மாடல், இசை, விளம்பரம் ஆகிய செலவுகளைக் கழித்த பின் எஞ்சும் ‘நிகர வருவாயில்’ பாதி என்கிறது. அந்தச் செலவுகளுக்கு உச்சவரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. அப்படியானால் முதல் ஆண்டு முழுவதும் என் பங்கு பூஜ்யமாகவே இருக்கக்கூடும். சிறிய ஏஜென்சி குறைவாகத்தான் தருகிறது, ஆனால் மாதந்தோறும் கணக்கு காட்டுவதாக எழுதியிருக்கிறது.

குரல் பயிற்சி, பதிவு அறை, மேலாளர் என்ற வசதிகளெல்லாம் பெரிய இடத்தில் நிச்சயம் கூடுதல். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. (அங்கிருந்து பேசிய மேலாளர் உண்மையிலேயே அன்பானவர், ஆனால் அவர் அன்பு ஒப்பந்தத்தில் இல்லை.) செலவுக்கு உச்சவரம்பு, விலகிய பின் உருவத்தை நானே விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, வேறு பெயரில் நேரலை செய்வதற்குத் தடையின்மை ஆகிய மூன்றையும் சேர்க்குமாறு அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். எழுத்தில் பதில் வரும்வரை சிறிய ஏஜென்சியிடம் அவகாசம் கேட்டிருக்கிறேன், அவர்கள் மறுக்கவில்லை.