அங்கன்வாடிப் பந்தியில் எல்லாப் பிள்ளைக்கும் இடம்

மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறிவிடும்; பிள்ளை மட்டும் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 2023-இல் அங்கன்வாடிக்கென்றே ஒன்றிய அரசு தனி நெறிமுறையும் வெளியிட்டது. ஆனால் காரியம் தொடங்குவது வாசலில். படி 15 செ.மீ. உயரமென்றால் சாய்தளம் 180 செ.மீ.யாவது நீள வேண்டும். இடமில்லை என்று குறுக்கினால் சக்கர நாற்காலி பின்பக்கம் சாயும்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அதிகக் கவனம் தேவை. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையைப் படுக்கவைத்தோ, தலையை அண்ணாத்தியோ ஊட்டவே கூடாது; புரையேறி உணவு நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்ந்து உட்காரட்டும், பாதம் பலகையில் பதியட்டும், முகவாய் லேசாகத் தாழட்டும். நன்றாகக் குழைத்த சாதம், சின்னக் கரண்டி. விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். இத்தனையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நடக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் சாப்பாட்டை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது ஒதுக்குவதுதான்.

வீட்டிலிருந்து தட்டு கொண்டுவரச் சொல்வதும், தெரு வாரியாக உட்காரவைப்பதும் சாதியை உள்ளே விடும் வழிகள். பொதுத் தட்டுகளைச் சேர்த்துக் கழுவி அடுக்கி, கைக்கு வந்ததைக் கொடுங்கள். தினமும் இடம் மாறட்டும். பெற்றோர் முணுமுணுத்தால் தனியே அழைத்துப் பேசுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.