டைகர் மாத்: மூன்று மில்லிமீட்டர் படுத்திய பாடு

நாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒட்டிய டைகர் மாத் போன வாரம் பறந்துவிட்டது. மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட பழைய பிரிட்டிஷ் பயிற்சி விமானத்தின் ரிமோட் மாடல் இது. பால்சா என்ற லேசான மரத்தில் செய்யும் கிட், இறக்கை நீளம் 1400 மி.மீ. அசல் விமானத்துக்கு 29 அடி 4 அங்குலம்.

உடல், வால் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேசரில் வெட்டிய துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தின; பிளான் மேல் பாலிதீன் விரித்து, குண்டூசி குத்தி, சிஏ என்கிற உடனடிப் பசை விட்டால் முடிந்தது. நேரமெல்லாம் மேல் இறக்கையில்தான் போனது.

டைகர் மாத்தின் இறக்கை நுனிகள் பின்னால் சாய்ந்திருக்கும். 1931-ல் அதை உருவாக்கியபோது, முன் இருக்கையில் இருப்பவர் பாராசூட்டோடு சட்டென்று வெளியேற வழி வேண்டும் என்று மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே நகர்த்தினார்கள். தூக்குவிசையும் கூடவே முன்னால் போனதால், அதை ஈடுகட்ட நுனிகளைப் பின்னுக்குச் சாய்த்தார்கள். இது தெரிந்த பிறகு சாய்வைக் குத்துமதிப்பாக விட மனசு வரவில்லை. இரண்டு நுனியிலிருந்தும் வாலுக்கு நூல் பிடித்து, வித்தியாசம் 1 மி.மீ.-க்குள் வரும்வரை சரிசெய்தேன்.

அடுத்தது கோணம், அதாவது இறக்கையின் முன்விளிம்பு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது. கிட் பிளான்படி மேல் இறக்கை இரு பக்கமும் 0 டிகிரியில் நிற்க வேண்டும். டிஜிட்டல் கோணமானியை வைத்தால் இடது 0, வலது 2. எதிலும் கை வைப்பதற்குமுன் மூன்று தடவை அளந்தேன், அதே 2. இறக்கையைத் தாங்கும் நடுக் கம்பிகளில் வலது முன்கால் பின்காலைவிட 3 மி.மீ. உயர்ந்துவிட்டது. செம்புக் கம்பி சுற்றி ஈயம் வைக்கும்போது நழுவியிருக்கிறது. டிரான்ஸ்மிட்டரில் டிரிம் (ஒரு பக்கம் நிரந்தரமாகக் கொடுக்கும் சின்னத் திருத்தம்) வைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் வேகம் குறையும்போது கோணம் கூடிய பக்கம் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும்; இறங்கும் நேரத்தில் அந்தப் பக்கம் கவிழும். ஈயத்தை உருக்கிக் கழற்றி, இந்தத் தடவை மரக்கட்டையில் பள்ளம் வெட்டிக் கம்பிகளை அதில் உட்காரவைத்துப் பற்றவைத்தேன். சூட்டில் பிளைவுட்டில் இருந்த எப்பாக்ஸி பசை இளகிவிட்டது, அதையும் சுரண்டி மறுபடி ஒட்டினேன். இரண்டு ஞாயிறு போனாலும் இப்போது இரு பக்கமும் 0.

மூக்கு குட்டை என்பதால் வால் கனம் எதிர்பார்த்ததுதான். பேட்டரியை முன்சுவர்வரை தள்ளியும் போதவில்லை. டயர் கடையில் வீல் பேலன்ஸ் செய்கிற ஈயத் துண்டுகள் 90 கிராம் வாங்கி மோட்டார் மவுன்டுக்கு அடியில் ஒட்டியதும் பிளானில் குறித்த இடத்தில் சமநிலை வந்தது. மொத்த எடை 1.6 கிலோ.

காலை ஆறு மணி, வறண்ட ஏரி, காற்றே இல்லை. மோட்டார் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மெதுவாக ஏற்றினேன். வால் தூக்கியது, மூக்கு இடது பக்கம் இழுத்தது, மூக்கைத் திருப்பும் வால் சுக்கானை, அதாவது ரட்டரை, வலது பக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இருபதடி கூட ஓடவில்லை, சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கை நடுங்கியது.

முதல் திருப்பத்தில் அய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) மட்டும் கொடுத்தேன். இடது பக்கம் சாய்ந்தது, மூக்கோ வலது பக்கம் போனது. கீழே இறங்கும் அய்லரான் இழுக்கிற இழுப்பு அது. அசல் விமானத்தில் அய்லரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். அதுவும் மேலே ஏறுகிற அளவுக்குக் கீழே இறங்காது. அதே வழியில் மேலே 16 மி.மீ., கீழே 7 மி.மீ. என்று அமைத்து, அய்லரானோடு ரட்டரும் தானாகத் திரும்பும்படி மிக்ஸ் 20 சதவீதம் சேர்த்தேன். இரண்டாவது பறப்பில் மூக்கு சாய்ந்த பக்கமே வழுக்கிக்கொண்டு போனது.

இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க மூடினேன். இரண்டு இறக்கை, நடுவில் தாங்கும் அத்தனை ஸ்ட்ரட், எல்லாம் காற்றைப் பிடித்து நிறுத்த, வண்டி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கீழே வந்தது. மூன்றாவது தடவை தரையை நெருங்கும்வரை கால்வாசி த்ராட்டில் வைத்திருந்தேன். வேகம் செத்தது, இறக்கை எந்தப் பக்கமும் கவிழவில்லை. இரண்டு சக்கரமும் வாலும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

இனி இறக்கைகளுக்கு நடுவே குறுக்குக் கம்பி கட்ட வேண்டும். இழுத்துக் கட்டினால் கோணம் மறுபடி மாறும், அதனால் கோணமானியைப் பெட்டிக்குள் வைக்கவில்லை.